சுண்ணாம்பில் கட்டிய பழைய செங்கல் சுவர்: ஜாயிண்ட் உதிர்கிறது, சிமெண்ட் பாயிண்டிங் போடலாமா?

தெற்குவீதி:

வணக்கம். மயிலாடுதுறை பக்கத்தில் உள்ள வீடு, 1930களில் கட்டியது. முன்பக்கமும் உள்பக்கமும் காரை பூசியிருக்கிறது. கொல்லைப்புறச் சுவரில் மட்டும் பூச்சு கிடையாது. செங்கல் தெரியும்படி விட்டு, கற்களுக்கு நடுவே உள்ள சாந்துக் கோட்டை (ஜாயிண்டை) மட்டும் நிரப்பிப் பாயிண்டிங் செய்திருக்கிறார்கள். நீளம் 30 அடி, உயரம் 12 அடி, கனம் 14 அங்குலம். நாட்டுச் செங்கல், அளந்து பார்த்தால் 9 × 4½ × 3 அங்குலம் வருகிறது. ஜாயிண்ட் சுமார் அரை அங்குலம்.

மேலே 9 அடி உயரத்துக்கு ஜாயிண்ட் அரையிலிருந்து முக்கால் அங்குலம் வரை உள்ளே அரித்துப் போய்விட்டது. விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டுகிறது. ஆனால் செங்கல் நன்றாக இருக்கிறது, தட்டினால் கணீரென்று சத்தம் வருகிறது.

கீழே 3 அடிக்குப் பத்து வருடத்துக்கு முன் சிமெண்ட் பாயிண்டிங் போட்டார்கள். அங்கே நிலைமை தலைகீழ். சிமெண்ட் கோடு அப்படியே நிற்கிறது, செங்கல்தான் பொரிந்து பொடியாகிக் குழி விழுகிறது. சில கல் ஒரு அங்குலம் வரை போய்விட்டது. மழைக்காலம் முடிந்ததும் வெள்ளையாக உப்பு பூக்கிறது.

மேஸ்திரி "எல்லாத்தையும் சுரண்டிட்டு ஒண்ணுக்கு மூணு சிமெண்ட் அடிச்சிடலாம், முப்பது வருசத்துக்குக் கவலை இல்லை" என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் முழுச் சுவரையும் பூசிப் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார். எது சரி? சுண்ணாம்புதான் என்றால் எந்தச் சுண்ணாம்பு, என்ன கலவை, எவ்வளவு வாங்க வேண்டும்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மட்டக்கோல்:

உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் சுவரிலேயே இருக்கிறது. கீழ் 3 அடியில் நடந்ததுதான் 1:3 (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்) அடித்தால் மேல் 9 அடியிலும் நடக்கும்.

நாட்டுச் செங்கல் தண்ணீரை நிறையக் குடிக்கும். 24 மணி நேரம் ஊறவைத்தால் தன் எடையில் 20 சதவீதம் வரை குடிக்கலாம் என்று ஐஎஸ் 1077 என்ற இந்தியத் தரநிலையே அனுமதிக்கிறது. அதாவது 3 கிலோ கல்லுக்கு 600 கிராம் தண்ணீர். குடித்த தண்ணீர் காற்றில் உலர்ந்து வெளியேற வேண்டும். சுண்ணாம்பு ஜாயிண்டாக இருந்தால் பெரும்பகுதி ஜாயிண்ட் வழியே போய்விடும். வழியில் உள்ள உப்பு ஜாயிண்டில் படிகமாகி, ஜாயிண்டைத்தான் அரிக்கும். எண்பது வருடமாக உங்கள் சுவரில் நடந்தது அதுதான். ஜாயிண்ட் தேய்ந்தது, செங்கல் பிழைத்தது. தேய்ந்த ஜாயிண்டை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம், தேய்ந்த செங்கலை என்ன செய்வது?

சிமெண்டால் அடைத்தால் தண்ணீருக்கு அந்த வழி கிடையாது. செங்கல் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உப்பு அங்கேயே, தோலுக்குச் சற்று உள்ளே படிகமாகி வீங்கும், தோலை உரிக்கும். இதோடு சிமெண்ட் சுருங்கும்போது கல்லுக்கும் ஜாயிண்டுக்கும் நடுவே மயிர்க்கோடாக விரிசல் விடும். மழைத்தண்ணீர் அதன் வழியே உள்ளே போகும், திரும்ப வராது.

முழுவதும் சிமெண்டில் பூசிப் பெயிண்ட் அடிப்பதும் இதேதான், இன்னும் பெரிய மூடி. ஈரம் மேலே ஏறி, இன்று 3 அடியில் இருக்கும் உப்பு 5 அடிக்குப் போகும். உள்பக்கக் காரையும் கெடும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: கொல்லைத் தரைமட்டம் வீட்டுக்குள் இருக்கும் தளத்தைவிட எவ்வளவு கீழே இருக்கிறது? கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? சுவரை ஒட்டிக் குளியலறை, துணி துவைக்கும் கல், செப்டிக் டேங்க் ஏதாவது உண்டா? இன்னொன்று, சுவரில் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல் இருக்கிறதா, தூக்குகுண்டு விட்டால் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா?

---

தெற்குவீதி:

விரிசல் இல்லை, தூக்குகுண்டுக்கு நேராக இருக்கிறது. ஓட்டுக் கூரை, தண்ணீர் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மண்ணில் விழுந்து தெறிக்கிறது. கொல்லையில் மண் கொட்டிக் கொட்டி இப்போது உள்தளத்தைவிட 4 அங்குலம்தான் கீழே. துவைக்கும் கல் சுவரை ஒட்டியே இருக்கிறது.

---

மட்டக்கோல்:

அப்படியானால் முதல் செலவு மண்வெட்டிக்கு. சுவரை ஒட்டி 2 அடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, உள்தளத்திலிருந்து குறைந்தது ஒரு அடி கீழே இறக்குங்கள். கடைக்கால் அகன்று தொடங்கும் இடம் தெரிந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது. வெட்டிய இடத்தைச் சுவரிலிருந்து வெளியே சரிவாக அமைத்து, மேலே சரளைக்கல் பரப்புங்கள். சிமெண்ட் தளம் போட்டுச் சுவரோடு ஒட்டவைத்தால், தரையில் உலர வேண்டிய ஈரம் சுவரில் ஏறும். சரளையில் விழும் மழைத்துளி தெறிக்கவும் செய்யாது. முடிந்தால் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரை வாங்கும் தகர வாய்க்காலோ பிவிசி வாய்க்காலோ மாட்டிக் குழாயில் இறக்கிவிடுங்கள். துவைக்கும் கல்லை இடம் மாற்றுங்கள்.

இதைச் செய்து ஒரு கோடையாவது சுவர் காயட்டும். ஈரம் ஏறும் சுவரில் எந்தக் கலவையில் பாயிண்டிங் செய்தாலும் கீழ்ப்பகுதி இரண்டு மூன்று மழைக்காலத்தில் மறுபடி உதிரும்.

பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து திரும்பவும் கல்லுக்குள் போய்விடும். காய்ந்த தேங்காய்நார் பிரஷால் தேய்த்து, கீழே சாக்கு விரித்து, விழுவதை அள்ளி வெளியே கொட்டுங்கள். மண்ணில் விட்டால் அடுத்த மழையில் அதே உப்பு அதே சுவரில் ஏறும்.

---

காரைச்சுவர்:

கலவை பற்றி நான் சொல்கிறேன். முதலில் பழைய சாந்து என்னவென்று பாருங்கள். மழை படாத இடத்தில், கூரைக்கு அடியில், ஒரு அங்குலத்துக்கு உள்ளிருந்து எலுமிச்சை அளவு கட்டி எடுங்கள். கட்டையால் மெதுவாக நசுக்கிக் கண்ணாடித் தம்ளரில் போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுங்கள். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். நுரை அடங்கியதும் தண்ணீரில் அலசி வடிகட்டினால் மிச்சம் இருப்பது மணலும் சுர்க்கியும் (செங்கல் பொடி). மணல் எவ்வளவு பொடி, எந்த நிறம், சிவப்புத் துகள் உண்டா என்பது கண்ணுக்கே தெரியும். டெல்டா வீடுகளில் பெரும்பாலும் ஆற்று மணலும் செங்கல் பொடியும் வரும். புதுக் கலவையை அதை ஒட்டி அமைத்தால் நிறமும் பொருந்தும், பலமும் பொருந்தும்.

சுண்ணாம்பு: கற்சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ, எதுவானாலும் புதிதாகச் சுட்ட கட்டியாக இருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் சில நிமிடத்தில் கொதித்துப் பிளக்க வேண்டும். மந்தமாகச் சூடேறினால் அது காற்றுப் பட்டு ஏற்கனவே நீறிப்போனது, வாங்காதீர்கள். வெள்ளையடிக்க விற்கும் பொட்டலத்தில் சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகையில் வினிகர் விடுங்கள். நல்ல நீற்றிய சுண்ணாம்பு லேசாகத்தான் பொங்கும். குபுகுபுவென்று நுரைத்தால் அது பாதி சுண்ணாம்புக்கல்லாகவே திரும்பிவிட்டது, பிடிக்காது.

நீற்றும்போது இரும்பு டிரம்மில் தண்ணீரை முதலில் ஊற்றி, கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து, கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் டிரம் சூட்டில் இளகும். கண்ணில் பட்டால் உடனே கால் மணி நேரம் விடாமல் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். ஆறியதும் 2 மி.மீ. சல்லடையில் வடிகட்டி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது மூன்று நான்கு வாரம் ஊறட்டும். அவசரப்பட்டால் நீறாத குருணை ஜாயிண்டுக்குள் போய்ப் பிறகு நீறி, வீங்கிக் கொப்புளமாகத் தெறிக்கும்.

சுர்க்கி: நன்றாக வெந்த, ஆனால் முறுகிக் கறுக்காத நாட்டுச் செங்கலை இடித்து மாவாகச் சலிக்க வேண்டும். கறுத்த கல்லின் பொடி சுண்ணாம்போடு வினைபுரியாது, வெறும் மணல்தான். கரகரப்பாக இருந்தாலும் அப்படித்தான். சுர்க்கி இல்லாத வெறும் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் இறுகும். அது மெதுவாக, மேலிருந்து உள்ளே போகும். சுர்க்கி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். மழை நேராக அடிக்கும் கொல்லைச் சுவருக்கு அது தேவை.

மணல்: அரை அங்குல ஜாயிண்டுக்குப் பெரிய பருக்கை 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் கழுவிய பி-சாண்ட் (பூச்சு வேலைக்குக் கல்லை அரைத்துச் செய்யும் மணல்) போடலாம், தூசி அதிகமானால் சாந்து சுருங்கி வெடிக்கும். கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், முக்கால் அளவுக்கு உப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல், மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். உப்புத் தண்ணீர் இந்தச் சோதனைக்கு மட்டும். சாந்து குழைக்கக் குடிதண்ணீர்தான், உவர் ஏறிய போர்த் தண்ணீர் வேண்டாம்.

பங்கு: ஊறிய சுண்ணாம்புக் குழம்பு 1, சுர்க்கி 1, மணல் 2. ஒரே வாளியால் அளக்க வேண்டும், சட்டிக் கணக்கு வேண்டாம்.

அளவு: உங்கள் கல்லுக்கும் ஜாயிண்டுக்கும் 100 சதுர அடியில் ஏறக்குறைய 155 மீட்டர் ஜாயிண்ட் வரும். 12 மி.மீ. அகலம், 25 மி.மீ. ஆழம் என்றால் 47 லிட்டர். கீழே சிந்துவதையும் சேர்த்து 60 லிட்டர் வையுங்கள். 360 சதுர அடிக்கு 215 லிட்டர். குழம்பு மணலின் இடைவெளிக்குள் புகுந்துவிடுவதால் மணலும் சுர்க்கியும் சேர்ந்த அளவுதான் கிட்டத்தட்ட சாந்தின் அளவு. ஆகவே குழம்பு 72 லிட்டர், சுர்க்கி 72 லிட்டர், மணல் 144 லிட்டர். ஒரு கிலோ நல்ல கற்சுண்ணாம்பு சுமார் 2 லிட்டர் குழம்பு தரும். 36 கிலோ போதும், கல்லும் கழிவும் போக 45 கிலோ வாங்குங்கள்.

குழம்பையும் மணலையும் முன்கூட்டியே கலந்து, உலக்கையாலோ கட்டையாலோ இடித்து, ஈரச் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் போட்டு மூடினால் வாரக்கணக்கில் கெடாது. அன்றன்றைக்குத் தேவையானதை எடுத்து, அப்போதுதான் சுர்க்கி சேர்க்க வேண்டும். சேர்த்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். இறுகலாகத் தெரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மறுபடி இடியுங்கள், தானாக இளகிவரும். கொத்தனார்களுக்கு இதில்தான் பொறுமை போகும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மட்டக்கோல்:

காரைச்சுவர் சொன்ன கலவையோடு, சுரண்டி நிரப்பும் முறை.

ஆழம் ஜாயிண்ட் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. உங்களுக்கு 25 மி.மீ., அதாவது ஒரு அங்குலம். ஏற்கனவே முக்கால் அங்குலம் போன இடத்தில் கால் அங்குலம் சுரண்டினால் போதும். அதற்குள் கெட்டியான சாந்து தட்டுப்படாவிட்டால் இன்னும் கொஞ்சம் போகலாம். இரண்டு அங்குலத்துக்கு மேலும் கம்பி சும்மா உள்ளே போனால் நிறுத்திவிட்டு இங்கே கேளுங்கள், அது வேறு வேலை. ஆழம் முழுக்க சமமாக, உள்முனை சதுரமாக இருக்க வேண்டும். ஆங்கில ‘V’ மாதிரி உள்ளே குறுகினால் சாந்துக்குப் பிடிமானம் இல்லை. மேலாக அரை அங்குலம் மட்டும் அப்பினால் ஒரே வருடத்தில் பட்டை பட்டையாக உரிந்து விழும். பாயிண்டிங் தோற்பதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான்.

சுண்ணாம்பு ஜாயிண்டுக்குக் கிரைண்டர் தேவையே இல்லை. 3 நூல் (ஒரு நூல் என்பது எட்டில் ஒரு அங்குலம்) அகலப் பட்டை உளி, சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஹேக்சா பிளேடு. உளியைக் கல்லின் ஓரத்தில் சாய்க்காமல் ஜாயிண்டின் நடுவில் வைத்துத் தட்டச் சொல்லுங்கள். மேலிருந்து கீழே சுரண்ட வேண்டும். சுரண்டிய பள்ளத்தைப் பிரஷால் தட்டி, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். தூசி இருந்தால் சாந்து தூசியைப் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. ஒரே நாளில் முழுச் சுவரையும் சுரண்டிப் போடாதீர்கள், அன்றன்று நிரப்ப முடிகிற அளவு மட்டும்.

முந்தின நாள் மாலை சுவரை நனையுங்கள், நிரப்புவதற்கு அரை மணி முன் மறுபடி. கல் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் மினுக்கக் கூடாது. காய்ந்த நாட்டுக்கல் சாந்தின் தண்ணீரை ஒரு நிமிடத்தில் உறிஞ்சிவிடும், பிறகு அது இறுகாது, மாவுதான்.

சாந்தின் பதம்: கையில் உருண்டை பிடித்தால் நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. ஓடும் பதத்தில் இருந்தால் கல் முகமெல்லாம் வெள்ளை வழியும், காயும்போது சுருங்கும். கரணையைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் சாந்தை வைத்து, 3 நூல் அகலப் பட்டைக்கம்பியால் உள்ளே தள்ளி அழுத்த வேண்டும். ஒரு அங்குல ஆழத்தை ஒரே முறையில் நிரப்பக் கூடாது. 10 மி.மீ. அளவுக்கு ஒரு அடுக்கு, கட்டைவிரலால் அழுத்தினால் தடம் லேசாக விழும் பதத்துக்கு வந்ததும் அடுத்தது. கடைசி அடுக்கு கல்லின் முகத்திலிருந்து ஒரு நூல் உள்ளே நிற்கட்டும். பழைய கல்லின் ஓரம் உருண்டிருக்கும். அதன் மேல் சாந்தை இழுத்துத் தேய்த்தால் மெல்லிய நுனி சீக்கிரம் உடைந்து தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஜாயிண்டும் பார்வைக்கு ஒரு அங்குல அகலமாகிவிடும். வெளியே துருத்தும் கயிறு மாதிரி கோடு போடுவது வேண்டவே வேண்டாம்.

அரைகுறையாக இறுகியதும், அதாவது நகம் பட்டால் கீறும், விரல் அழுத்தினால் அமுங்காது என்ற நிலையில், முரட்டு நார் பிரஷால் ஜாயிண்டைக் குத்தித் தட்டுங்கள். தேய்க்கக் கூடாது. குத்தினால் சாந்து உள்ளே நெருங்கும், மேலே வழவழப்பான தோல் போய்த் துளைகள் திறக்கும். கரணையால் மினுக்கிவிட்டால் அந்தத் தோல் ஈரத்தை மறுபடி அடைத்துவிடும்.

கூலியை நாள் கணக்கில் பேசுங்கள். சதுர அடிக் கணக்கில் பேசினால் சுரண்டுவதில்தான் மிச்சம் பிடிப்பார்கள். முதலில் 3 அடிக்கு 3 அடி மாதிரி செய்யச் சொல்லி, ஒரு வாரம் விட்டுப் பார்த்துவிட்டு மீதியைத் தொடங்குங்கள்.

---

கோவை_கம்பிவெட்டு:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீடு 1998இல் கட்டியது, ஒயர்கட் செங்கல் (இயந்திரத்தில் கம்பியால் வெட்டிச் செய்தது), சிமெண்ட் சாந்து, வெளியே பூச்சில்லை. மேற்குச் சுவரில் மட்டும் ஜாயிண்ட் அரிக்கிறது. இதற்கும் சுண்ணாம்புதானா?

---

கட்டடக்கணக்கு:

உங்களுக்கு வேண்டாம். கல் எவ்வளவு பலமோ அதைவிடச் சாந்து பலம் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. ஒயர்கட் கல் கெட்டியானது, தண்ணீரும் குறைவாகக் குடிக்கும். வீட்டைக் கட்டியதே சிமெண்ட் சாந்தில். சுவர் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 1905 தரநிலையின் அட்டவணையில் 28 நாள் பலம் சதுர மி.மீ.க்கு நியூட்டனில் இப்படி வரும்: சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் 1:¼:3 என்றால் 10. 1:1:6 என்றால் 3. 1:2:9 என்றால் 2. நாட்டுச் செங்கலின் கீழ்த்தர வகுப்புக்கு 3.5 தான் என்பதை இதோடு வைத்துப் பார்த்தால் 1:3 ஏன் தெற்குவீதி சுவரைத் தின்றது என்று புரியும்.

உங்கள் சுவருக்கு 1:1:6. சுண்ணாம்பு, மூட்டையில் வரும் நீற்றிய பொடியாக இருக்கலாம், முந்தின இரவே தண்ணீரில் குழைத்து ஊறவையுங்கள். சிமெண்ட் சேர்த்த பிறகு ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இறுகியதில் தண்ணீர் விட்டுக் குழைக்கக் கூடாது. சுண்ணாம்பு ஏன் என்றால், வெறும் 1:6 சிமெண்ட் மணல் கரகரவென்று உதிரும், ஜாயிண்டுக்குள் அழுந்தாது. சுண்ணாம்பு சேர்ந்தால் வெண்ணெய் மாதிரி போகும், தண்ணீரையும் பிடித்து வைக்கும்.

இந்தச் சுவருக்குக் கிரைண்டர் பயன்படுத்தலாம், ஆனால் படுக்கை ஜாயிண்டின் நடுக்கோட்டில் மட்டும். நிற்கும் ஜாயிண்ட் 3 அங்குலம்தான், வட்டத் தகடு மேலும் கீழும் கல்லை வெட்டிவிடும். அதை உளியில்தான் எடுக்க வேண்டும். கிரைண்டர் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், என்95 முகமூடி கட்டாயம். மேற்குச் சுவர் மட்டும் அரிக்கிறது என்றால் தென்மேற்குச் சாரல் நேராக அடிக்கிறது என்று அர்த்தம், ஜன்னல் சன்ஷேடின் அடியில் சொட்டுக்கோடு (தண்ணீர் சுவருக்கு வராமல் சொட்டிவிடும் பள்ளக்கோடு) இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள். ஒரு மாதம் காய்ந்த பிறகு சிலிகான் கரைசல் அடிக்க நினைத்தால், உப்புப் பூக்காத சுவரில் மட்டும் அடியுங்கள்.

தெற்குவீதி, உங்களுக்கு ஒரு மாற்று: சுண்ணாம்பு நீற்ற இடமோ நேரமோ இல்லையென்றால், நல்ல கல் உள்ள மேல் 9 அடிக்கு 1:2:9 போடலாம். 1:3 சிமெண்டைவிட ஆயிரம் பங்கு மேல்.

---

காரைச்சுவர்:

மேல் பகுதிக்கு 1:2:9 என்பதை முடியாத இடத்தில் ஏற்றுக்கொள்ளலாம். கீழ் 3 அடிக்கு எந்த அளவிலும் சிமெண்ட் வேண்டாம், அங்கே உப்பு இருக்கிறது. "கொஞ்சமாகச் சேர்த்தால் சீக்கிரம் இறுகும்" என்று ஒரு கைப்பிடி சிமெண்டைச் சுண்ணாம்பில் போடும் பழக்கம் கொத்தனார்களிடம் உண்டு. அதையும் தடுங்கள். அந்த அளவில் சிமெண்டின் பலமும் வராது, சுண்ணாம்பின் இயல்பும் கெடும். வேகமாக இறுக வேண்டுமானால் சுர்க்கியைக் கூட்டுங்கள்.

கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பழைய வேலைகளில் சேர்த்திருக்கிறார்கள். சர்க்கரை இருந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் அதிகம் கரையும், சாந்து குழைவாகும். மேல்தளக் காரைக்கும் மெருகுப் பூச்சுக்கும் அது பயன்படும். ஒரு அங்குலப் பாயிண்டிங்குக்கு அவசியம் இல்லை. சேர்க்கத்தான் வேண்டும் என்றால் தூய சுண்ணாம்புச் சாந்தில் மட்டும். சிமெண்ட் கலந்த சாந்தில் கருப்பட்டித் தண்ணீர் விட்டால், சிறிதளவு சர்க்கரையே சிமெண்டை இறுகவிடாமல் செய்துவிடும், மொத்தக் கலவையும் வீண்.

கீழ்ப்பகுதி சிமெண்டை எடுக்கும் விதம்: முதலில் ஒரு முழம் நீளத்துக்கு மட்டும் முயலுங்கள். படுக்கை ஜாயிண்டின் நடுவில் 6 மி.மீ. துளைகளை அரை அங்குலத்துக்கு ஒன்றாகப் போட்டு, துளைகளுக்கு இடையே உளியால் உடைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாந்தை விழச் செய்யுங்கள். கல் பக்கம் நெம்பினால் முனை போய்விடும். சிமெண்ட் மேலோட்டமாக அப்பியதுதான் என்றால் பட்டையாகக் கழன்று வரும். கல்லோடு கெட்டியாகப் பிடித்திருந்து, எடுத்தால் கல் முகம் வரும் என்றால், அந்த இடத்தில் கல் நன்றாக இருக்கும்வரை விட்டுவிடுங்கள்.

ஒரு அங்குலம் குழிந்த கல்லை மாற்ற வேண்டும். சுற்று ஜாயிண்டைத் துளைபோட்டு முழுதாக உருவிப் பாருங்கள். சில கல்லின் உள்முகம் புதிது மாதிரி இருக்கும். அதையே திருப்பி வைத்துக் கட்டிவிடலாம். மற்றவற்றுக்கு இடித்த வீட்டுப் பழைய கல், அதே அளவில். புது சேம்பர் கல் வேண்டாம், பக்கத்துக் கல்லைவிடக் கடினம். ஒரே சமயத்தில் அடுத்தடுத்து இரண்டு கல்லுக்கு மேல் உருவாதீர்கள். வைக்கும் கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, நான்கு பக்கமும் சாந்து நிறைய அடைத்து வையுங்கள். மேல் ஜாயிண்டில் வெற்றிடம் இருந்தால் அந்தக் கல் பாரம் தாங்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

பராமரிப்பும் காலமும்: தை பாதியிலிருந்து பங்குனிக்குள் முடிப்பது நல்லது. அக்னி நட்சத்திரத்தில் சாந்து இறுகும் முன் காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழைக்குள் சுண்ணாம்புக்குச் சில மாதம் கிடைக்க வேண்டும். நிரப்பியதும் ஈரச் சாக்குத் தொங்கவிடுங்கள், ஜாயிண்டில் உரசாமல் இரண்டு அங்குலம் தள்ளி. பத்து நாளைக்குத் தினம் மூன்று நான்கு முறை கைத்தெளிப்பானால் பனிபோல் தெளித்தால் போதும். ஹோஸ் பைப்பில் அடித்தால் சுண்ணாம்பு வழிந்து கல் முகத்தில் வெள்ளைப் படலம் விழும். அதற்குப் பின் நனைப்பதும் காய்வதும் மாறி மாறி நடக்கட்டும், காற்றுப் பட்டால்தான் மீதி இறுகும்.

---

தெற்குவீதி:

மிக்க நன்றி. மண் வெட்ட ஆள் சொல்லிவிட்டேன். சுண்ணாம்பும் பழைய கல்லும் விசாரிக்கிறேன். இன்னும் ஒன்று: 8 அடி உயரத்தில் ஜாயிண்டில் அரசங்கன்று ஒன்று முளைத்திருக்கிறது, தண்டு கட்டைவிரல் கனம். பிடுங்கிவிடட்டுமா? அப்புறம், சில ஜாயிண்டில் குளவிக்கூடு.

---

மட்டக்கோல்:

பிடுங்காதீர்கள். கட்டைவிரல் கனம் என்றால் வேர் குறைந்தது ஒரு கல்லைத் தாண்டி உள்ளே போயிருக்கும். இழுத்தால் தண்டு கையோடு வந்துவிடும், வேர் உள்ளே இருந்து மறுபடி துளிர்க்கும். வெறுமனே ஜாயிண்டை மூடினால் சாந்தையே பிளந்துகொண்டு வரும். முளைத்த இடத்தைச் சுற்றி ஒன்றிரண்டு கல்லை உருவி, வேர் போகும் வழியே உளியால் திறந்து, பென்சில் கனத்துக்குக் குறைந்து போகும் வரை எடுத்துவிடுங்கள். பாயிண்டிங் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே எடுத்து, துளிர்க்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு அதே சாந்தில் கல்லைத் திரும்ப வையுங்கள். 14 அங்குலச் சுவரில் உள்பக்கக் காரையிலும் அதே உயரத்தில் மயிர்க்கோடு விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேர் குறுக்கே போய்விட்டது, அந்தப் பக்கமும் திறக்க வேண்டும்.

குளவிக்கூட்டைச் சுரண்டும்போது மண்ணையெல்லாம் கடைசி வரை எடுத்துவிட்டு ஊதுங்கள். அந்தத் துளை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஆழம் என்றால், ஜாயிண்டை நிரப்புவதற்கு முந்தின நாளே அதைத் தனியாக, செங்கல் சில்லு செருகி, சாந்து அடைத்துவிடுங்கள். சாரம் கட்டும்போது கம்பைச் சுவருக்குள் செருகத் துளை போட விடாதீர்கள். இரண்டு வரிசைக் கால் நட்டுச் சுவரைத் தொடாமல் நிற்கும் சாரம்தான் இந்த வேலைக்கு.